காட்டுக்கு உரம் இடுபவர் யார்?

வயலுக்குத் தொழு உரமும் தழை உரமும் இடாமல் நல்ல விளைச்சலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் காட்டுக்கு ஒரு கூடை எருவேனும் சுமந்து சென்று கொட்டுபவர் உண்டா? ஒருவரும் இல்லை. ஆயினும் அங்கே மரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வானளாவி வளர்கின்றன. இது எவ்வாறு இயலும்? விடை நம் மொழியிலேயே இருக்கிறது. நைட்ரஜன் சத்தை நம் நாட்டு வேளாண்மையில் 'தழைச்சத்து' என்கிறோம். காட்டு மரங்களுக்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும் பகுதி, உதிர்ந்த தழையிலிருந்தும் மடிந்த வேரிலிருந்துமே மீண்டும் கிடைக்கிறது.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 1772-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அறிஞர் டேனியல் ரூதர்போர்டு இவ்வாயுவைக் கண்டறிந்தார். புரதம் உண்டாகவும் இலையில் பச்சையம் உண்டாகவும் இது இன்றியமையாதது. ஆனால் இதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால், காற்றிலுள்ள நைட்ரஜனை மரங்கள் நேரே பயன்படுத்த முடியாது. மின்னலும், அவரை இனத் தாவரங்களின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியங்களும், மண்ணில் தனித்து வாழும் சில பாக்டீரியங்களும் அப்பிணைப்பைப் பிரிக்க வல்லவை. இவ்வழியில் ஆண்டுதோறும் புதிதாக வந்து சேருவது சிறிதளவே. ஆகவே சிக்கனமான இல்லத்தரசியைப் போலக் காடும் கையிலுள்ளதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று நம் பெரியோர் சொல்வர். குருத்து சிரிப்பதற்கு நியாயமே இல்லை! இலை பழுத்து மஞ்சள் நிறமாகும்போது, அதிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியை மரம் தன் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அடுத்த தளிருக்கு உதவுவது அதுதான். எஞ்சிய பாதியோடு இலை மண்ணில் விழுகிறது.

விழுந்த இலையை மரவட்டை, கரையான், மண்புழு போன்றவை கடித்துச் சிறு துண்டுகளாக்குகின்றன. பின்னர்ப் பூஞ்சைகளும் பாக்டீரியங்களும் அதை மக்கச் செய்கின்றன. இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். காய்ந்த இலையில் 1 பங்கு நைட்ரஜனுக்கு 50 பங்கோ அதற்கு மேலோ கார்பன் இருக்கும். நுண்ணுயிர்களின் உடலிலோ 1 பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 8 பங்கு கார்பன்தான் உண்டு. ஆகவே இலையில் உள்ள நைட்ரஜன் அவற்றுக்குப் போதவில்லை. தொடக்கத்தில் மண்ணிலிருந்தும் கடன் வாங்குகின்றன. காய்ந்த வைக்கோலை வயலில் அப்படியே புதைத்து உடனே நட்டால் பயிர் வெளுத்துப்போவது இதனால்தான். நாளாக ஆகக் கார்பன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அதன் பின்னரே மிகுதியான நைட்ரஜன் அம்மோனியமாக மண்ணில் சேர்கிறது.

நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நடப்பதும் குறைவானதன்று. தலைமயிர் போன்ற நுண்வேர்கள் சில வாரங்களோ சில ஆண்டுகளோ வாழ்ந்து மடிகின்றன. அவற்றின் இடத்தில் புதியவை தோன்றுகின்றன. பல காடுகளில் இந்த வேர்க்கழிவு, மேலிருந்து உதிரும் இலைக்குப்பைக்கு ஏறத்தாழ இணையாகவே உள்ளது. வேரில் லிக்னின் என்னும் கடினமான பொருள் மிகுதியாக இருப்பதால், அது பெரும்பாலும் இலையைவிட மெதுவாக மக்குகிறது. இலையைக் கைச்செலவுக்கான பணம் என்றால், வேரைச் சேமிப்பு எனலாம்.

அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வேறு சில பாக்டீரியங்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு மண்ணில் ஒட்டாது. மழை நீரோடு எளிதில் கரைந்து ஓடிவிடும். அது ஓடிவிடாமல் காப்பது எது? உயிருள்ள வேர்களே. அவை உடனுக்குடன் அதை உறிஞ்சிக்கொள்கின்றன.

இந்த உண்மையை அமெரிக்காவில், நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஹப்பர்டு புரூக் காட்டில் நடந்த சோதனை உலகுக்குக் காட்டியது. ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ் முதலிய அறிஞர்கள் 1963-இல் அங்கு ஆய்வைத் தொடங்கினர். 1965-ஆம் ஆண்டின் இறுதியில், ஓர் ஓடைக்கு நீர் தரும் சுமார் 16 ஹெக்டேர் சரிவிலிருந்த மேப்பிள், பீச், பர்ச் மரங்கள் அனைத்தும் வெட்டப்பட்டன. வெட்டிய மரம் ஒன்றையும் அங்கிருந்து அகற்றவில்லை. ஆனால் புதிய செடி முளைக்காதபடி மூன்று கோடைகளில் களைக்கொல்லி தெளித்தனர். விளைவு என்ன? ஓடை நீரில் நைட்ரேட்டின் அளவு 40 மடங்குக்கும் மேல் உயர்ந்தது. குடிநீருக்கு வகுத்த எல்லையையும் தாண்டியது. கால்சியம் முதலிய சத்துக்களும் உடன் கரைந்து சென்றன. தெளிந்த ஓடையில் பாசி படர்ந்தது. இலையும் கட்டையும் அங்கேயே மக்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் சத்தை வாங்கிக்கொள்ள உயிருள்ள வேர் இல்லை! களைக்கொல்லியை நிறுத்திச் செடிகளை வளரவிட்ட பின், சில ஆண்டுகளில் நைட்ரேட்டு பெரிதும் குறைந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? காட்டு மண்ணின் வளம் மண்ணில் மட்டும் அடங்கியதன்று. இலை உதிர்வதும், அது மக்குவதும், வேர் அதை உறிஞ்சுவதும் சங்கிலியின் கண்ணிகளைப் போல இணைந்துள்ளன. ஒரு கண்ணி அறுந்தாலும் பல ஆண்டுகள் சேர்த்த செல்வம் நீரோடு போய்விடும்.

காட்டைக் காக்கும் பொறுப்பு நம் கையில் இல்லையே என்று சிலர் கூறலாம். நம் வீட்டு முற்றத்திலும் பள்ளி வளாகத்திலும் வேம்பும் புங்கமும் உதிர்க்கும் இலை நம் பொறுப்பே அன்றோ? அதைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்தால், அதிலுள்ள நைட்ரஜனில் பெரும் பகுதி புகையோடு காற்றில் கலந்துவிடும். எஞ்சுவது சாம்பல் மட்டுமே. அதையே மரத்தடியில் பரப்பினாலும், ஒரு குழியில் இட்டு ஈரம் காயாமல் மக்கவிட்டாலும், மீண்டும் மரத்துக்கே உணவாகும். தோழியரே, இனி விளக்குமாற்றைக் கையில் எடுக்கும்போது தீப்பெட்டியைத் தேடாதிருப்போம். தழையை மண்ணுக்கே திருப்பித் தருவோம்.