இறுகிய தூரிகைக்கு மறுவாழ்வு

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர் நம் பெரியோர். இதனை எங்களுக்கு உணர்த்தியவை 14 பழைய தூரிகைகள்!

கிறிஸ்து பிறப்பு விழாக் குடிலுக்கும் நட்சத்திரங்களுக்கும் வண்ணம் தீட்டிய ஓவியக் குழுவினர் நாங்கள். விடுமுறைக்கு வீடு செல்லும் அவசரத்தில், தூரிகைகளைக் கழுவாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டோம். ஜனவரியில் திறந்தபோது அவை விறகுக் குச்சிகளாய் இறுகிக் கிடந்தன. அவற்றுள் 3 தூரிகைகள், 6-ஆம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்களை நம்பித் தந்தவை.

பதற்றத்தில் எங்களுள் ஒருத்தி கொதிக்கும் நீரில் ஒரு தூரிகையை முக்கிவிட்டாள். உலோகப் பட்டைக்குள் இழைகளைப் பிடித்திருந்த பசை இளகி, இழைகள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. அது அத்தங்கையின் தூரிகை என்பது பிறகே தெரிந்தது. அப்போது எங்கள் ஓவிய ஆசிரியையான அருட்சகோதரி, "எந்த வண்ணத்தால் இறுகியது என்று முதலில் பாருங்கள்; மருந்து பிறகு" என்றார். அவர் காட்டிய வழியை இங்கே தருகிறோம்.

முதலாவது, நீர் வண்ணமும் போஸ்டர் வண்ணமும். இவற்றில் நிறப்பொடியைப் பிடித்திருப்பது நீரில் கரையும் பிசின். ஈரப் பஞ்சால் தொட்டால் நிறம் ஒட்டும், அதுவே அடையாளம். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, உள்ளங்கையில் சோப்பு நுரை எடுத்து மெல்லத் தேய்த்தால் போதும்.

இரண்டாவது, அக்ரிலிக் வண்ணமும் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனும். ஈரமாய் இருக்கும்வரை இவை நீரில் கழுவுப்படும். உலர்ந்தபின் பிளாஸ்டிக் போன்ற படலமாகிவிடுவதால் நீருக்கு மசியா. இதற்கு, ஊறுகாய்க்குச் சேர்க்கும் வினிகர் உதவும். இழைகள் மூழ்கும் அளவு வினிகரை எவர்சில்வர் டம்ளரில் எடுத்து, கொதிக்கவிடாமல் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் வேண்டாம். அமிலம் அவற்றை அரிக்கும். சன்னல்களைத் திறந்து வைத்து, பெரியவர் துணையுடன் செய்தல் நலம். படலம் இளகியதும் பழைய சீப்பினால் அடியிலிருந்து நுனி நோக்கி வாருங்கள். ஒருமுறையில் போகாவிட்டால் மீண்டும் செய்யலாம்.

மூன்றாவது, எண்ணெய் வண்ணமும் எனாமல் பெயிண்டும். ஓவிய எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய், நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. எனாமலும் பெரும்பாலும் இவ்வாறே இறுகும். ஆகவே மண்ணெண்ணெயும் டர்ப்பன்டைனும் ஈர வண்ணத்தைக் கரைக்குமேயன்றி, முற்றும் இறுகியதைக் கரைப்பது அரிது. நைலான் தூரிகையானால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்து, கையுறை அணிந்து, ஓர் இரவு ஊறவைக்கலாம். காரம் எண்ணெயை மெல்ல மெல்லச் சோப்பாக மாற்றிவிடும். ஆனால் அணில், பன்றி முதலியவற்றின் ரோமத்தாலான தூரிகைக்கு இது ஆகாது. காரம் ரோமத்தையே அரித்துவிடும். அவற்றிற்குச் சோப்பைக் குழைத்துப் பூசி, இரவு முழுதும் விட்டுக் காலையில் கழுவுதலே தக்கது. சில நாட்கள் பொறுமையுடன் இப்படியே செய்ய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: மண்ணெண்ணெய், டர்ப்பன்டைன் ஆகியவற்றை அடுப்பருகே கொண்டு செல்லாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கவும் கூடாது; அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள்.

கழுவிய தூரிகையின் நுனியை விரலால் கூராக்கி, படுக்கவைத்து உலர்த்த வேண்டும். எண்ணெய் வண்ணத் தூரிகையை நெடுநாள் வைப்பதானால், நுனியில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆளிவிதை எண்ணெய்போல் இது காற்றில் இறுகுவதில்லை. மீண்டும் பயன்படுத்துமுன் சோப்பால் கழுவிவிடுங்கள்.

எங்கள் 14 தூரிகைகளில் 9 பழைய நிலைக்குத் திரும்பின. 3 விறைப்பாகவே நின்றன. அவை இப்போது பசை தடவ உதவுகின்றன. 2 போயே போயின. தங்கையின் தூரிகைகளில் இரண்டைத் திருப்பித் தந்து, மூன்றாவதற்கு ஈடாக எங்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்துப் புதிதொன்று வாங்கிக் கொடுத்தோம். அவள் புதியதை விட்டுவிட்டு, மீட்ட தூரிகைகளையே முதலில் தடவிப் பார்த்தாள். எங்களுக்குக் கண் கலங்கியது.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், எஞ்சிய துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார்; 12 கூடைகள் நிறைந்தன. பத்து நிமிடம் கழுவியிருந்தால் பத்து நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும். தோழியரே, இவ்வாண்டு குடில் வேலை முடிந்ததும் முதலில் தூரிகையைக் கழுவுவோம். பிறகு வீட்டிற்குப் புறப்படுவோம்!