அந்த நான்கு மணி நேரம்

2020 மார்ச் 25 அன்று தேசமெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, பள்ளி வேன் வரும் வேளையும் உண்ணும் தட்டும் நடக்கும் தெருவும்கூட மாறப் பொறாத ஆட்டிசக் குழந்தையின் நித்திய ஒழுங்கு ஓரிரவில் குலைந்ததை உணர்ந்தவர் உண்டு. ஆனால், அக்குழந்தை சிறப்புப் பள்ளியில் இருந்த நான்கு மணி நேரந்தான் அதன் தாய் குளித்து, உண்டு, சற்றே கண்ணயர்ந்த நேரம் என்பதையும், அதுவும் சேர்ந்தே பறிபோயிற்று என்பதையும் எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அதே காலத்தில் ஊரடங்கிலிருந்த ஸ்பெயின் தேசத்தில் ஆட்டிசம் உடையோர் துணையுடன் வெளியே உலவ அரசாங்கமே அனுமதித்திருந்தும், அதை அறியாத அயலார் மாடி முகப்புகளில் நின்று வசைபாடியதால், பெற்றோர் சிலர் பிள்ளையின் கையில் நீலத் துணி கட்டி அழைத்துச் செல்ல நேர்ந்தது. அந்தத் துணி எனக்கு ஒரு சமயம் உபாயமாகவும், மறு சமயம் அவமானமாகவும் தோன்றுகிறது.

ஓய்வின்றிப் பராமரிக்கும் பெற்றோரிடம் தூக்கமின்மையும், காரணமற்ற கோபமும், எதிலும் பற்றின்மையும் வாரக்கணக்கில் நீடிக்குமானால், அது வெறும் களைப்பன்று. சிகிச்சைக்குரிய மனச்சோர்வாக இருக்கலாம். நாமோ 'பொறுமையின் சிகரம்' என்று அந்தத் தாயைப் புகழ்ந்தே அவள் வாயை அடைத்துவிடுகிறோம். தகப்பனாருக்கோ அந்தப் புகழ்ச்சியும் இல்லை. அவர் கலங்குவாரென்றே யாரும் நினைப்பதில்லை.

அரசு நடத்தும் மனநல சேவைகளில் சிகிச்சை பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எல்லோருக்கும் அளித்திருக்கிறது; பராமரிக்கிற பெற்றோரும் அந்த எல்லோரில் அடக்கம். ஆபத்துக் காலங்களில் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு விதிக்கிறது. அது மீறப்பட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். 'எனக்குப் பின் இவனுக்கு யார்?' என்று இரவெல்லாம் அரிக்கும் கவலைக்கும் ஓரளவு பரிகாரம் உண்டு: 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்கும்படி மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம்.

பெருந்தொற்றின் கடுமை தணிந்த பிறகு, 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே அழைக்கலாம். அழைப்பவர் பிள்ளையின் நிலையை முழுக்க விவரித்தாக வேண்டியதில்லை. 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று தம்மைப் பற்றியே தொடங்கலாம்.