பல கணினிகள், ஒரே கணக்கு

தேடல் கட்டத்தில் ஒரு சொல்லை உள்ளிட்டதும் விடை திரையில் தோன்றிவிடுகிறது. அதனை ஒரே கணினி தேடித் தருவதாகப் பலரும் எண்ணுகின்றனர். கோடிக்கணக்கான ஆவணங்களைக் கொண்ட தளங்களில் அவ்வாறு நடப்பதில்லை. பல கணினிகள் ஒரு குழுவாக இணைந்து, ஆவணங்களைப் பங்கிட்டு வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் தேடுகின்றன.

இத்தகைய குழுக்களை இயக்கும் மென்பொருள்களுள் ஒன்று எலாஸ்டிக்சர்ச். தம் மனைவியின் சமையற்குறிப்புகளைத் தேடித் தரும் கருவி ஒன்றை உருவாக்கத் தொடங்கிய ஷாய் பனோன் என்பவர், அம்முயற்சியின் தொடர்ச்சியாக 2010ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். விக்கிப்பீடியாவின் தேடல் வசதியும் பல ஆண்டுகள் இம்மென்பொருளைக் கொண்டே இயங்கியது.

குழுவிலுள்ள கணினிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவற்றின் அமைவுகள் தீர்மானிக்கின்றன. அவை எல்லாக் கணினிகளிலும் ஒத்திருக்க வேண்டியதன் காரணத்தை ஒரு வகுத்தல் கணக்கே காட்டிவிடும். ஆவணத் தொகுப்பு முதலில் சில துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆவணத்தின் அடையாளக் குறியும் ஓர் எண்ணாக மாற்றப்படும்; அவ்வெண்ணைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மீதியே, ஆவணம் சேர வேண்டிய துண்டின் எண். 17ஐ 5ஆல் வகுத்தால் மீதி 2. எனவே, அவ்வாவணம் 2ஆம் எண் துண்டுக்குச் செல்லும். ஒரு கணினி மட்டும் மொத்தம் 6 துண்டுகள் எனக் கருதினால், மீதி 5 ஆகிவிடும். துண்டுகளுக்கு 0 முதல் எண்ணிடுவதால், 5 துண்டுகள் உள்ள தொகுப்பில் அந்த எண்ணுடைய துண்டே இராது! இதனால்தான் தொகுப்பு உருவாகும்போதே இவ்வெண்ணிக்கை உறுதி செய்யப்பட்டு, குழுவின் பொதுப் பதிவேட்டில் வைக்கப்படுகிறது.

பொதுப் பதிவேட்டைப் பராமரிப்பது தலைமைக் கணினி. ஏதேனும் அமைவு மாறினால், அதுவே மற்றக் கணினிகளுக்கு அறிவிக்கும். இதுதவிர, ஒவ்வொரு கணினியிலும் தனி அமைவுக் கோப்பு ஒன்றும் உண்டு. ஒரே அமைவு இரண்டிலும் வெவ்வேறாக எழுதப்பட்டிருந்தால், பொதுப் பதிவேட்டில் உள்ளதே செல்லும். இதனை அறியாத நிர்வாகி கோப்பை மீண்டும் மீண்டும் திருத்திவிட்டு, மாற்றம் ஏன் நிகழவில்லை என்று குழம்புவார்.

தலைமைக் கணினியை, அப்பொறுப்புக்குத் தகுதியுள்ள கணினிகளே தமக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றன. தேர்தல் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை கணினிகள் வேண்டும் என்பதை, முற்காலப் பதிப்புகளில் நிர்வாகியே கணக்கிட்டு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவை இருக்க வேண்டும்: 3 கணினிகளுக்கு 2, 5 கணினிகளுக்கு 3. எதுவும் எழுதாவிட்டால், மென்பொருள் அதனை 1 என எடுத்துக்கொண்டது. இவ்வளவு முக்கியமான எண்ணை மனித நினைவாற்றலை நம்பி விட்டது பொருத்தமான ஏற்பாடன்று.

ஒரு நூலகத்தின் தேடல் குழுவில் இத்தகைய 3 கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். நூல்கள் பெருகவே, மேலும் 2 கணினிகள் சேர்க்கப்படுகின்றன. ஆனால், அமைவுக் கோப்புகளில் பழைய எண்ணான 2 அப்படியே இருந்துவிடுகிறது. பல மாதங்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒருநாள் கணினிகளுக்கு இடையிலான இணைப்பு அறுந்து, 3 கணினிகள் ஒரு பக்கமும் 2 கணினிகள் மறுபக்கமும் பிரிந்துவிடுகின்றன. மறுபக்கம் செயலிழந்துவிட்டதாக ஒவ்வொரு பக்கமும் கருதுகிறது. இரு பக்கங்களிலும் குறைந்தது 2 கணினிகள் இருப்பதால், இரண்டு தலைமைகள் உருவாகின்றன. காலையில் வந்த நூல்கள் ஒரு பக்கத்தில் பதிவாகின்றன. மாலையில் வந்தவை மறுபக்கத்தில் பதிவாகின்றன. இணைப்பு சீரானதும் ஒரு தலைமைதான் நிலைக்கும். மற்றப் பக்கம் தனியே செய்த பதிவுகள் அழிந்துபோகக்கூடும். நூல் அலமாரியில் இருக்கும், தேடினால் கிடைக்காது. கணினித் துறையில் இந்நிலையை 'மூளைப் பிளவு' என்கின்றனர்.

அந்த எண் 3 எனத் திருத்தப்பட்டிருந்தால், 2 கணினிகள் உள்ள பக்கம் தலைமையைத் தேர்ந்தெடுக்க முடியாமல், புதிய பதிவுகளை ஏற்க மறுத்திருக்கும். அது பயனாளருக்கு எரிச்சலைத் தரும். எனினும், பதிவை ஏற்றுக்கொண்டு பின்னர் தொலைப்பதைவிட, ஏற்க மறுப்பதே மேல்.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த 7ஆம் பதிப்பில் இந்த அமைவு நீக்கப்பட்டது. வாக்களிக்கும் உரிமையுள்ள கணினிகளின் பட்டியலை இப்போது மென்பொருளே வைத்துக்கொள்கிறது. கணினிகள் சேரும்போதும் விலகும்போதும் தானே திருத்திக்கொள்கிறது. தகுதியுள்ளவை 4 எனில், ஒன்றை வாக்களிப்பிலிருந்து விலக்கி, ஒற்றைப்படை எண்ணாக்கியும் விடுகிறது. ஆயினும், குழு முதன்முதலாகத் தொடங்கும்போது வாக்காளர் யார் யார் என்பதை நிர்வாகிதான் எழுதித் தர வேண்டும். அப்போது ஒவ்வொரு கணினியிலும் அதன் பெயரை மட்டும் எழுதிவிட்டால், அவை தனித்தனிக் குழுக்களாகவே தொடங்கிவிடும். அவ்வாறு தொடங்கியவற்றைப் பின்னர் அப்படியே ஒன்றிணைக்க இயலாது. ஒரு கணினியிலுள்ள தரவை முற்றாக அழித்த பிறகே அதனை மற்றொரு குழுவில் சேர்க்க முடியும்.