மலை ரயில் கூரையில் ஆடிய பாட்டு வீட்டுப் பின்கட்டில் பிறந்தது!

ஊட்டி—

மலை ரயில் கூரை மேல் ஷாருக்கானும் மலைக்கா அரோராவும் போட்ட ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? 1998-ல் மணிரத்னம் எடுத்த 'தில் சே' படம். தமிழில் 'உயிரே'. ஸ்டுடியோவில் போட்ட செட் அல்ல. நீலகிரியில் ஓடிய அசல் ரயில்!

ஆட்டம் இங்கே. பாட்டு பிறந்ததோ கோடம்பாக்கத்தில், ஏ.ஆர்.ரகுமான் வீட்டுப் பின்பக்கத்து ஸ்டுடியோவில்.

லேப்டாப்பும் மைக்கும் வாங்கி, எஸ்டேட் வீட்டிலேயே சொந்தப் பாட்டைப் பதிவு செய்ய நினைக்கும் மலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை உதவும்.

அம்மா கழற்றிய நகை

ரகுமானின் அப்பா ஆர்.கே.சேகரும் இசைக்காரர்தான். 1976-ல் அவர் இறந்தபோது பையனுக்கு வயது 9. அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பையன் படிப்பை விட்டான். அடுத்தவர் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தான்.

1989-ல் வீட்டுப் பின்புறம் ஸ்டுடியோ எழுந்தது. அறை ரெடி, ஏ.சி. ரெடி, கீழே கம்பளம் ரெடி. உள்ளே வைக்க மெஷின்தான் இல்லை. கையில் பைசா கிடையாது!

வெறும் அறையில் உட்கார்ந்திருந்த மகனிடம் அம்மா கரீமா பேகம் நகையைக் கொடுத்தார். 16 டிராக் ரெக்கார்டர் வந்தது. பாட்டு ஓடாவிட்டால் நகையும் போச்சு, வீடும் நடுத்தெருவில். எந்தத் தாய்க்கு இந்தத் துணிச்சல் வரும்?

முதலில் கிடைத்தது விளம்பரப் பாட்டுகள். அதில் ஒரு காப்பி விளம்பரம் மணிரத்னம் காதில் விழுந்தது. (தேயிலைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்!) 1992-ல் 'ரோஜா'. முதல் படத்திலேயே தேசிய விருது.

பேரேடு மாதிரி

அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கணும். ஒரு வயலின் பிசகினால் பாட்டு மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. வாடகை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

டிராக் முறை வேறு. கடையில் 16 பேர் தனித்தனி நோட்டில் கணக்கு எழுதி, கடைசியில் ஒரே பேரேட்டில் சேர்ப்பதில்லையா? அதேதான். குரல் ஒரு நாள், தபேலா ஒரு நாள். தப்பு வந்த நோட்டை மட்டும் கிழித்துப் போடலாம்.

வீட்டு ஸ்டுடியோ என்பதால் நேரக் கெடுபிடியும் இல்லை. ரகுமான் ராத்திரியில்தான் வேலை பார்ப்பார். பாடகரைப் பல மாதிரி பாடச் சொல்லி, பிடித்த துண்டை எடுத்துக்கொள்வார். ரயில் பாட்டுக்கே சுக்விந்தர் சிங் சொன்ன ஒரு பஞ்சாபிப் பக்திப் பாட்டுத்தான் விதை. குல்சார் அதற்கு வேறு வரி எழுதினார். 2006-ல் 'இன்சைடு மேன்' என்ற ஹாலிவுட் படம் தொடங்குவதே இந்தப் பாட்டோடுதான்.

மழைதான் வில்லன்

இன்றைக்கு 16 டிராக் என்ன, 60 டிராக்கும் கம்ப்யூட்டருக்குள் சும்மா கிடக்கிறது. நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. ஆனால் மலையில் வேறு தலைவலி.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பாட்டு அம்பேல்! கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையில் மைக்கைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஈரத்தில் மைக்கும் கெடும். வேலை முடிந்ததும் இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கணும். சுவரில் எதிரொலியா? மலை வீட்டில் கம்பளிக்கா பஞ்சம்! நாலு கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும்.

ராத்திரியில் சத்தம் இருக்காதே என்கிறீர்களா? சில்வண்டு இருக்கிறது. யானை வந்தால் பட்டாசு வெடிப்பார்கள். அதுவும் பதிவாகிவிடும்.

ஜனவரி நல்ல மாதம். மழை குறைவு. ஆனால் உறைபனியில் விரல் விறைக்கும், கிதார் சுருதி நிற்காது. குளிருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினாலோ, விறகு வெடிக்கிற சத்தம் மைக்கில் ஏறும்!