காட்டுத் தீயும் வயல் நீரும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய பகுதிகளில் பல்லாயிரம் ஏக்கர் வயல்களுக்குப் பாயும் நீர், மேற்கே இங்கினியாகலையிலுள்ள சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வருகின்றது. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளத்தின் நீரேந்து பகுதியைக் காக்கும் பொருட்டு, 1954ஆம் ஆண்டில் கல்லோயாத் தேசிய வனம் அமைக்கப்பட்டது. ஆகவே, கரையோரக் கமக்காரருக்கும் அக்காட்டுக்கும் தொடர்பில்லை என எண்ணுதல் தவறாகும்.

தீ எவ்வாறு உண்டாகின்றது?

கச்சான் காற்று வீசும் வறட்சிக் காலத்தில் இலுக்கும் மானாப் புல்லும் காய்ந்து சருகாகின்றன. அவை தாமாகத் தீப்பற்றுவதில்லை. இந்நாட்டின் காட்டுத் தீக்களில் ஏறக்குறைய யாவும் மனிதரால் உண்டாவனவே. மானும் மரையும் புதுத் தளிரை நாடி வருமென்று வேட்டைக்காரர் தீ வைக்கின்றனர். மாடுகளுக்கு இளம்புல் வேண்டிப் பட்டிக்காரர் சிலர் கொளுத்துகின்றனர். சேனைக்கு இட்ட நெருப்பு எல்லை கடக்கின்றது. தேனெடுப்போரின் பந்தமும், அணைக்காது எறிந்த பீடித் துண்டுங்கூடப் போதுமானவை.

நட்டம் யாருக்கு?

தீயினாற் சருகும் இலைமட்கும் எரிந்து மண் வெறுமையாகின்றது. இளமரக் கன்றுகள் மடிகின்றன. பின்னர் வாடை மழை பெய்யுங்கால், நீர் நிலத்துள் ஊறாது மண்ணை வாரிக்கொண்டு ஓடிக் குளத்தின் அடியிற் சேர்க்கின்றது. மண் படிந்த அளவுக்கு நீர் நிற்கும் இடம் குறைகின்றது. சிறுபோகத்தில் நீர் குறையுமாயின், முதலில் வாடுவன வாய்க்காலின் கடைக்கோடி வயல்களே. கரையோர வட்டைகள் பல அத்தகையன.

தீ, வைத்தவனுடைய எல்லையில் நிற்பதில்லை. 1997இல் இந்தோனேசியாவில் நிலந்திருத்த மூட்டிய தீயின் புகை, மலேசியா, சிங்கப்பூர் மக்களையும் வருத்தியது.

சட்டம் கூறுவது

ஒதுக்கக் காட்டில் தீ வைப்பதும், காட்டுக்கு ஆபத்து விளையுமாறு நெருப்பை அணைக்காது விடுவதும் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றங்களாகும். தேசிய வனங்களுக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காவலாகும்.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. மாடுகளைப் பட்டிக்காரரிடம் ஒப்படைப்போர், புல்லைக் கொளுத்தலாகாது எனக் கண்டிப்பாய்ச் சொல்லுதல் வேண்டும். மாட்டின் பலனைப் பெறுபவருக்கு இப்பொறுப்பும் உண்டு.

2. காட்டோரத் தோட்டங்களைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, வெறுந்தரையாகத் தீத்தடை வழி அமைத்தல் வேண்டும்.

3. சூடடித்த பின் வைக்கோலைக் கொளுத்தாது வயலிற் பரப்பி உழுதல் நன்று. பயிர் எடுத்த பொட்டாசுச் சத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே உள்ளது.

4. தீயைக் கண்டவர் தாமதியாது 117 அல்லது 119 இலக்கத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

தீ வைத்தவர் அயலவர் அல்லது உறவினர் என்று மறைப்பது நட்பாகாது. அன்று எரிந்த காட்டின் நட்டத்தை, அவருடைய வயலும் நம்முடைய வயலும் அடுத்த சிறுபோகத்தில் ஒருங்கே ஏற்க நேரிடும்.