வீட்டுத் திண்ணையில் ஓர் ஆய்வுக்கூடம்

பள்ளிக்குச் செல்ல இயலாத குழந்தைக்குக் கணிதமும் அறிவியலும் எவ்வாறு கற்பிப்பது? எங்கள் ஊராகிய வடக்குத்தில் ஓராண்டாக நான் கற்றுக்கொண்ட விடையை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அதன்படி, பன்முகக் குறைபாடோ கடும் குறைபாடோ உடைய குழந்தை விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம். பெயர் பள்ளியில் இருக்கும்; சிறப்பாசிரியர் இல்லம் தேடி வருவார். எங்கள் தெருவில் அவ்வாறு பயிலும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். கால்கள் இயங்கா, வலக்கையும் வழங்காது. ஆசிரியர் வராத நாள்களில் மாலை வேளையில் நான் செல்கிறேன்.

முதலில் பின்னம் நடத்தினேன். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எது பெரியது எனக் கேட்டேன். "நாலுல ஒண்ணுதான் அண்ணா. நாலுதானே பெருசு?" என்றாள். விதியை மும்முறை சொல்லியும் பயனில்லை. மறுநாள் 24 முந்திரிக் கொட்டைகளை அவள் முன் வைத்தேன். மூன்று பேருக்குப் பங்கிட்டாள், ஆளுக்கு 8. நால்வருக்குப் பங்கிட்டாள், ஆளுக்கு 6. "ஆள் கூடினா பங்கு குறையுது!" என்று அவளே விதியைச் சொன்னாள்.

அடுத்தது நீரழுத்தம். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் மிக்க ஊற்றுநீர் உள்ளது. மேட்டுப் பகுதியில் இறங்கிய மழைநீர் களிமண் அடுக்கின்கீழ் அடைபட்டு, மேலெழத் துடிக்கிறது. மேலுள்ள மண்ணையும் கரியையும் அகற்றினால், சுரங்கத் தரையைப் பெயர்த்துக்கொண்டு வெளிப்படும். இதை எவ்வாறு விளக்குவது?

என் தந்தையார் கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வாங்கிச் சென்றேன். ஒரு முனையை உயர்த்தி நீரை நிரப்பினேன். தாழ்ந்த முனையை அவள் இடக்கைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டாள். விரலை எடுத்ததும் நீர் பீறிட்டு எங்கள் இருவரையும் நனைத்தது. "உன் விரல்தான் களிமண்ணும் கரியும்" என்றேன்.

"அப்படின்னா சுரங்கத்துல எப்படி வேலை செய்யறாங்க?" என வினவினாள். நான் விடை சொல்லுமுன், "உங்க பக்கத்தை இறக்குங்க அண்ணா" என்றாள். இறக்கினேன். விரலை எடுத்தாள், நீர் பீறிடவில்லை. பொறியாளர்கள் செய்வதும் இதுவேயன்றோ! சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து, அதன் அழுத்த மட்டத்தைத் தாழ்த்துகின்றனர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நீரழுத்தச் சூத்திரத்தைத் தேர்வில் பிழையின்றி எழுதியவன். ஆயினும் அதன் பொருள் விளங்கியது அத்திண்ணையில்தான். தந்தையாரின் குழாயில் அறிவியல் இருப்பதும் அன்றே தெரிந்தது.

வீட்டில் பயிலும் குழந்தைக்கு ஆய்வுக்கூடம் இல்லை என நாம் இரங்க வேண்டியதில்லை. கைக்கு எட்டும் பொருளை முதலில் கொடுப்போம்; கேள்வி கேட்க விடுவோம்; சூத்திரத்தைப் பிறகு சொல்வோம். நண்பர்களே! உங்கள் தெருவிலும் இத்தகைய குழந்தை இருக்கக்கூடும். வாரம் ஒரு மாலையேனும் அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.