மேஜர் அட்லியின் மௌனம்

பிரிட்டிஷ் பிரதம மந்திரிகளின் வரிசையில் நாவன்மையாலும் நடையுடை பாவனையாலும் ஜனங்களை வசீகரித்தவர்கள் பலர் உண்டு. ஆனால் வழுக்கைத் தலையும் கத்தரித்த மீசையும் வாயில் புகைக்குழாயுமாக, பார்ப்பதற்கு ஒரு பாங்குக் குமாஸ்தாவைப் போலிருந்த கிளெமெண்ட் அட்லியோ, நிருபர் நீளமாக அடுக்கிய கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடையளித்துவிட்டு, அவ்வளவுதான் என்பதுபோல் உட்கார்ந்திருக்கும் சுபாவமுடையவர். காலி டாக்ஸி ஒன்று வந்து நின்றதாகவும் அதிலிருந்து அட்லி இறங்கியதாகவும் ஒரு பரிகாசம் சர்ச்சிலின் பெயரால் உலவிற்று. யுத்தகாலத்தில் அட்லியைத் துணைப் பிரதமராக வைத்திருந்த சர்ச்சில், அது தம்முடைய வார்த்தையல்லவென்று கோபத்தோடு மறுத்தார். அவருக்கு ஆளைத் தெரியும்.

1945 ஜூலை 26ஆம் தேதி தொழிற்கட்சி 393 ஸ்தானங்களைக் கைப்பற்றிய செய்தி வந்துகொண்டிருக்கையிலேயே, புதிய பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்த பின்னர்தான் மந்திரி சபை அமைக்க வேண்டுமென்று ஹெர்பர்ட் மாரிஸன் வாதாடத் தொடங்கினார். தலைமை தம்மிடம் வந்து சேரும் என்பது அவர் போட்ட கணக்கு. அட்லி எதிர்வாதம் செய்யவில்லை. மனைவி வயலட் ஓட்டிய சிறிய குடும்பக் காரில் ஏறி, பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் சென்று, அரசரின் அழைப்பை ஏற்றுக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் காரை அவருடைய எளிமைக்கு அத்தாட்சியாகக் காட்டுவோர் அநேகர். அது சரியான சமயத்தில் புறப்பட்டதைக் கவனித்தவர் சிலரே.

பெவின், கிரிப்ஸ், டால்டன், மாரிஸன், அனயூரின் பெவன் என, ஒருவரையொருவர் சகிக்கமாட்டாத பிரபலஸ்தர்கள் நிறைந்திருந்த மந்திரி சபையில், அவர் காகிதத்தில் ஏதோ கிறுக்கியபடியே எல்லோருடைய அபிப்பிராயத்தையும் கேட்டு, முன்பே எழுதிக் கொடுத்ததை மறுபடி ஒப்பிக்க முற்படும் மந்திரியை ஒரே சொல்லில் நிறுத்தி, இரண்டு வாக்கியங்களில் முடிவைத் தெரிவித்துவிடுவார். 1947 ஜனவரி 1இல் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசவுடைமையானதும், 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதார சேவை உதயமானதும் இத்தகைய தலைமையின் கீழ்தான். பத்திரிகைகளில் அவருக்குச் சிரத்தை கிடையாது. தமது இல்லத்தில் செய்தி டெலிபிரிண்டர் வைப்பதற்கே, கிரிக்கெட் ஸ்கோர் அதில் வரும் என்று சொன்ன பின்புதான் இணங்கினாராம்.

1947 செப்டம்பரில், நாணய நெருக்கடியால் சர்க்காரின் மதிப்புக் குலைந்திருந்த வேளையில், ஸ்டாபோர்டு கிரிப்ஸ் நேரே அவரிடம் வந்து, பெவினுக்கு வழிவிட்டுப் பதவியிலிருந்து விலகும்படி யோசனை கூறினார். இத்தகைய சந்தர்ப்பத்தில் வேறொருவர் சீறியிருப்பார், அல்லது சதியென்று ஊரைக் கூட்டியிருப்பார். அட்லி டெலிபோனை எடுத்து, இலாகா மாற்றிக்கொள்ள உத்தேசமுண்டா என்று பெவினையே கேட்டார். இல்லையென்று பதில் வந்தது. பிறகு, பொருளாதார விவகாரங்களுக்கென ஒரு புதிய மந்திரி பதவியைக் கிரிப்ஸிடமே கொடுத்தார். விலகச் சொல்ல வந்தவர் பதவி உயர்வு பெற்றுத் திரும்பினார். இதைச் சாந்த குணம் என்பதைவிட ராஜதந்திரம் என்பதே பொருந்தும்.

இந்தச் சுருக்கத்துக்கு இந்தியாவில் நேர்ந்த பலன் வேறு. 1928இல் சைமன் கமிஷனின் அங்கத்தினராக வந்து கறுப்புக் கொடிகளைக் கண்டு திரும்பிய அட்லி, 1947 பிப்ரவரி 20இல், 1948 ஜூனுக்குள் அதிகாரத்தை ஒப்படைப்போம் என்று காமன்ஸ் சபையில் அறிவித்து, மவுண்ட்பேட்டனை வைஸ்ராயாக அனுப்பினார். கெடு ஆகஸ்டு 15க்கு நெருக்கப்பட்டபோது அவர் அதைத் தடுக்கவுமில்லை. பஞ்சாபில் லட்சக்கணக்கானோர் மாண்டது குறித்து அவர் பேசியது போதாது என்பது என் அபிப்பிராயம்.

1951 தேர்தலில் எதிர்க்கட்சியைவிட அதிக வோட்டுகள் பெற்றும் ஸ்தானங்களில் தோற்ற பிறகு, அவர் தலைமையை உடனே விட்டுவிடாமல் 1955 வரை கைவசம் வைத்திருந்தார். அதற்குள் மாரிஸனுக்கு வயது 67 ஆகிவிட்டது. வாரிசுத் தேர்தலில் கெய்ட்ஸ்கெல் 157 வோட்டுகள் பெற, மாரிஸன் 40 பெற்று மூன்றாவதாக வந்தார்.